ஓர் இலை புடைத்து நிற்க எத்தனை மணி நேரம்? தர்மபுரி பெண்களின் ஊசிக் கணக்கு!

காரிமங்கலத்தில் கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால், போட்டவருக்கு வேர்க்கும் முன்பே பார்ப்பவர்களுக்கு வேர்த்துவிடும். சித்திரை வெயிலில் செருப்பைக் கழற்றினால் கால் சுடும் ஊர் இது. ஆனால், போனைத் திறந்தால் கதையே வேறு. இரண்டு ஊசி, ஒரு பச்சை நூற்கண்டு, ஒரு நிமிட வீடியோ. கண்முன்னாலேயே சாக்ஸின் மேல் ஓர் இலை முளைக்கிறது. அச்சு இல்லை, ஒட்டு இல்லை. துணியிலிருந்தே புடைத்து எழுந்து, விரலால் தடவினால் நரம்பு தட்டுப்படும் இலை.

பார்த்து முடித்ததும் நம் வீட்டுப் பெண்களுக்கு வரும் முதல் கேள்வி, ‘இதை எப்படிப் பின்னுவது?’ என்பதல்ல. ‘இதைப் பின்னி வித்தா எவ்வளவு கிடைக்கும்?’ என்பதுதான்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடினால் இங்கிலாந்து, திருப்பூர், ஊட்டி என்று சுற்றி, கடைசியில் காரிமங்கலம் இருக்கும் அதே தர்மபுரி மாவட்டத்தின் இன்னொரு மூலையில், ஒரு மலைப் பள்ளத்தாக்கில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இலை எப்படி எழுகிறது?

முதலில் அந்த சாக்ஸ். பின்னல் ஊசியில் விழும் ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்று பெயர். கண்ணிகளில் அடிப்படையாக இரண்டே வகை: நிட், பர்ல். நிட் கண்ணி, இரண்டு நெல்மணிகள் சேர்ந்து நிற்பது போல முன்னால் வரும். பர்ல் கண்ணி சின்ன மேடு போலப் படுத்து, பின்னால் ஒதுங்கும். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ஒன்று எழும், இன்னொன்று அமுங்கும். புடைப்பின் ரகசியம் இவ்வளவுதான்.

இலைக்கு நடுவில் ஒரு நிட் கண்ணி. சுற்றிலும் பர்ல் தரை. நடுக்கண்ணிக்கு இரண்டு பக்கமும் நூலை ஊசி மேல் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு புதுக் கண்ணிகள் பிறக்கும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இப்படிச் செய்ய, இலை அகலும். அந்தச் சுற்றுகள் விட்டுப்போகும் சின்னத் துளைகள்தான் பார்ப்பவர் கண்ணுக்கு நரம்பாகத் தெரிகின்றன. பாதி இலை வளர்ந்ததும் கணக்கு தலைகீழாகும். இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னிக்கொண்டே வந்தால் இலை குறுகி நுனியில் முடியும்.

பேசிக்கொண்டே, டி.வி பார்த்துக்கொண்டே பின்னக்கூடிய வேலை அல்ல இது. எண்ணிக்கையில் ஒன்று தவறினால் இலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மெல்லிய நூலில் ஒரு சாக்ஸுக்குச் சுற்றுக்கு ஏறத்தாழ 60 கண்ணிகள். கணுக்காலுக்கு மேலே ஆரம்பித்து, குதிகால் திருப்பி, விரல் நுனியில் முடிப்பதற்குள் ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ 18,000 கண்ணிகள் வந்துவிடும். இலை வேலைப்பாட்டில் நிமிடத்துக்கு 15 கண்ணி போடுபவர் நல்ல கைக்காரர். அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒரு ஜோடிக்கு 20 மணி நேரம்.

இந்த 20 மணி நேரத்துக்கு என்ன விலை? ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். நூறு நாள் வேலைக்கு 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு ஜோடி இலை சாக்ஸின் கூலி மட்டும் 840 ரூபாய். ஏறத்தாழ 100 கிராம் நூல், கடைக்காரர் லாபம், கூரியர் எல்லாம் அதற்கு மேல்.

சாலையோரக் கடையில் நூறு ரூபாய்க்கு மூன்று ஜோடி சாக்ஸ் கூவிக் கூவி விற்கிறார்கள். அதன் பக்கத்தில் இதை வைத்தால் யார் வாங்குவார்கள்?

ராணி மறுத்த இயந்திரம்

கைப்பின்னலுக்கும் இயந்திரத்துக்குமான போட்டி நேற்று வந்ததல்ல. 1589-ல், இங்கிலாந்தின் கால்வெர்ட்டன் கிராமத்தில் பாதிரியாராக இருந்த வில்லியம் லீ, காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். உரிமம் கேட்டு முதலாம் எலிசபெத் ராணியிடம் போனார். ராணி தரவில்லை. கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் பிழைப்பு போய்விடும் என்று அவர் கவலைப்பட்டதாகச் சொல்வார்கள். லீ பிரான்ஸுக்குப் போனார், அங்கேயே இறந்தும் போனார். ஆனால் இயந்திரம் சாகவில்லை.

அந்த இயந்திரத்தின் வாரிசுகள்தான் இன்று திருப்பூரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பனியன் துணி நெசவுத் துணி அல்ல என்பது பலருக்குத் தெரியாது. நெசவில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்கும் போகும். பனியன் துணியோ முழுக்கக் கண்ணிகளால் ஆனது; சாக்ஸின் நெருங்கிய சொந்தம். அதனால்தான் இழுத்தால் நீளுகிறது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடைகளை ஏற்றுமதி செய்யும் ஊர் திருப்பூர்.

அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் எங்கிருந்து போகிறார்கள்? மழை பொய்த்தால் பிழைப்புக்காக ஊரைவிட்டுக் கிளம்பும் மாவட்டங்களில் தர்மபுரியும் ஒன்று. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் குடும்பங்கள் இங்கு புதிதல்ல. அப்படிக் கிளம்பிக்கொண்டிருந்த ஊர்களில் ஒன்று, சிட்லிங்கி.

இரண்டே பேருக்குத் தெரிந்த தையல்

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, அரூரைத் தாண்டி, காட்டுப் பாதையில் போனால் வரும் பள்ளத்தாக்கு சிட்லிங்கி. பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். அவர்களோடு லம்பாடி மக்களும் தங்கள் தாண்டாக்களில் வாழ்கிறார்கள். தாண்டா என்பது அவர்களுடைய குடியிருப்பின் பெயர்.

லம்பாடிகள் இங்கு வந்து சேர்ந்த கதை நெடியது. வட இந்தியாவில் பஞ்சாரா, கர்நாடகத்தில் லம்பாணி, இங்கே லம்பாடி. வீட்டுக்குள் பேசும் மொழி ராஜஸ்தானிக்கு நெருக்கமானது; அதற்குத் தனி எழுத்து கிடையாது. ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கக் கொண்டுபோய் விற்றவர்கள் இவர்கள். முகலாயப் படைகளுக்கும், பின்னால் ஆங்கிலேயப் படைகளுக்கும் தானியம் சுமந்தவர்கள் இவர்கள்தான். ரயில் வந்தது, பொதிமாட்டுக்கு வேலை போனது. போதாக்குறைக்கு, 1871-ல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் பட்டியலில் பல பகுதிகளில் இவர்களையும் சேர்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-ல்தான் அந்தச் சட்டம் நாடு முழுக்க ஒழிந்தது.

ஊர் ஊராக நடந்த வாழ்க்கையில் இந்தப் பெண்கள் சுமந்து வந்த சொத்து, உடம்பில் போட்டிருந்த துணிதான். பேட்டியா என்கிற கனமான பாவாடை, காஞ்சளி என்கிற ரவிக்கை, தலையில் போடும் முக்காட்டுத் துணி. மூன்றிலும் கண்ணாடிச் சில்லு, சோழி, காசு, மணி, நூல் வேலைப்பாடு. ஒவ்வொரு பெண்ணும் தன் உடையைத் தானே தைத்துக்கொள்வாள்.

அந்த உடையை ஏன் விட்டார்கள்? காரணம் ஒன்றல்ல. சோழியும் காசும் சேர்ந்து பல கிலோ எடை இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு களை எடுக்க முடியாது. செய்ய மாதக்கணக்கில் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பஸ்ஸிலும் சந்தையிலும் அந்த உடையோடு நின்றால் தனியாகத் தெரியும். தனியாகத் தெரிவது சங்கடமான காலமும் வந்தது. சேலைக்கு மாறினார்கள். தைக்க உடை இல்லை என்றானதும் தையலும் போனது. சிட்லிங்கியில் இரண்டு தலைமுறை கடந்தபோது, அந்தத் தையல் முழுதாகத் தெரிந்தவர்கள் என்று மிஞ்சியது இரண்டே இரண்டு மூத்த பெண்கள்.

அவர்களும் போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

மருத்துவமனையிலிருந்து வந்த ஊசி

சிட்லிங்கியின் இன்னொரு கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி அங்கு வந்தார்கள். பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு நூறுக்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் இறந்துகொண்டிருந்த காலம் அது. ஊர் மக்கள் கட்டிக்கொடுத்த நூறு சதுர அடிக் குடிசையில், ஒரு 100 வாட் பல்பு வெளிச்சத்தில் பிரசவமும் அறுவை சிகிச்சையும் நடந்தன. உள்ளூர்ப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். ‘ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெயரில் அது இன்று முறையான மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது.

நோயைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நோயின் பின்னாலிருந்த வறுமையும் தெரிந்தது. விளைச்சல் இல்லாமல், கூலி இல்லாமல், திருப்பூருக்குப் போய்த் திரும்பும் குடும்பங்கள். முதலில் இயற்கை விவசாயம் செய்பவர்களுக்கு ஒரு சங்கம் உருவானது. அடுத்து, 2000-களின் பிற்பாதியில், லம்பாடிப் பெண்களின் முறை வந்தது. அந்த இரண்டு மூத்த பெண்களிடம் இருந்த தையலை இளையவர்கள் கற்றுக்கொள்ள, லலிதா துணை நின்றார். ஒரு சின்னக் குழு கூடியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பொர்கை’. லம்பாடி மொழியில் பெருமிதம் என்று பொருள். எந்த உடையைப் போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டு விட்டார்களோ, அதே தையலுக்கு இந்தப் பெயர்!

இன்று அந்தக் குழுவில் ஏறத்தாழ அறுபது பெண்கள். வேதிச்சாயம் தவிர்த்த பருத்தித் துணியில் புடவை, குர்தா, பை, தலையணை உறை, சுவரில் மாட்டும் படம் என்று செய்கிறார்கள். பழைய பேட்டியாவை அப்படியே திரும்பச் செய்யவில்லை. அந்தத் தையலை மட்டும் எடுத்து, இன்றைக்கு யாரும் வாங்கிப் போட்டுக்கொள்ளக்கூடிய துணியில் வைக்கிறார்கள். இந்த முடிவுதான் முக்கியமானது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கலைக்குப் பார்வையாளர்கள் வருவார்கள், பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். புடவை ஓரத்தில் ஏறிய கலையை ஒருத்தி காசு கொடுத்து வாங்கிப்போவாள், அடுத்த தீபாவளிக்கு அவள் தங்கையும் கேட்பாள்.

வயல் வேலை முடிந்த நேரத்தில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யலாம். குழந்தையை விட்டுவிட்டு மில் ஹாஸ்டலுக்குப் போக வேண்டியதில்லை. கையில் வரும் காசு பெரிய தொகை இல்லாவிட்டாலும், அது அவள் பெயரில் வருகிறது.

கண்ணாடிக்கு ஓட்டை கிடையாது

லம்பாடித் தையலைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு எழும் சந்தேகம்: அந்தக் கண்ணாடிச் சில்லு துணியில் எப்படி நிற்கிறது? அதில் ஓட்டை இல்லை. நல்ல வேலையில் பசையும் இல்லை. முதலில் சில்லின் மேல் குறுக்காக இரண்டு, நெடுக்காக இரண்டு என நூலைப் போட்டு ஒரு சட்டம் கட்டுகிறார்கள். பிறகு அந்தச் சட்டத்தைப் பிடித்திழுத்தபடி சுற்றிலும் காஜா தையல் போல நெருக்கமாகப் போட்டுக்கொண்டே வந்தால், நூல் விலகி வட்டமாகி, கண்ணாடியின் விளிம்பைக் கவ்வும். சுற்றி ஒரு திண்டு எழும். கயிற்றுக் கட்டிலுக்கு விளிம்பு கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோழி, மணி எல்லாம் இதுபோலவே நூலின் பலத்தில் நிற்பவை. சங்கிலித் தையல், ஏணி போல ஏறும் தையல், ஒன்றுக்குள் ஒன்று பின்னிய கட்டங்கள் என்று மீதி வேலை முழுவதும் துணிக்கு மேலே எழுந்து நிற்கும். கர்நாடக மாநிலம் சந்தூரில் இருக்கும் லம்பாணிப் பெண்கள் 14 வகைத் தையல்களைப் பெயர் சொல்லிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சூரியகாந்தியின் பெயரிலேயே ஒன்று இருக்கிறது. அவர்களுடைய வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி-20 கூட்டம் நடந்தபோது, 450-க்கும் மேற்பட்ட பெண்கள் செய்த 1,755 துண்டுகளைக் காட்சிக்கு வைத்து கின்னஸில் இடம்பிடித்தார்கள்.

பின்பக்கம்தான் முன்பக்கம்

புடைப்பு வேலையில் தமிழ்நாட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நீலகிரியின் தோடர் பெண்கள் போடும் எம்பிராய்டரி. அவர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி என்ற சால்வையைப் பார்த்திருப்பீர்கள். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் ஓடும். அந்தத் தையலை நெய்த துணி என்றே பலர் ஏமாந்துபோவார்கள்.

அவர்கள் துணியில் பென்சிலால் வரைவதில்லை. சட்டத்தில் மாட்டுவதும் இல்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி, ஊசியை விட்டு எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறை ஊசி திரும்பும்போதும் நூலை முழுக்க இழுக்காமல் சின்னக் கண்ணியாக விடுவார்கள். அந்தக் கண்ணிகள் சேர்ந்து ஒரு பக்கம் சொரசொரவென்று எழும். கடையில் வாங்கும் நாம் வழவழப்பான பக்கத்தை முன்பக்கம் என்போம். தோடர்களுக்கு அந்தச் சொரசொரப்புப் பக்கம்தான் வெளியே தெரிய வேண்டிய பக்கம். இதற்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2011 கணக்கெடுப்பின்படி மொத்த தோடர்களே சுமார் 2,000 பேர்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஊட்டிக் கடைகளில் தொங்கும் ‘தோடர் டிசைன்’ எல்லாவற்றையும் அவர்கள் தைத்திருக்க முடியுமா?

இலை சாக்ஸ், லம்பாடிக் கண்ணாடி, தோடர் சால்வை மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. புடைப்பு வர வேண்டுமானால் நூல் அதிகம் வேண்டும், எண்ணிக்கை வேண்டும், அதனால் நேரம் வேண்டும். தட்டையான வேலையை அவசரமாக முடித்துவிடலாம். புடைப்பை அப்படி முடிக்க முடியாது. விலையில் அடி விழுவதும் இந்த நேரத்தின் மேல்தான்.

‘சும்மா இருக்கிற நேரத்துல பண்றதுதானே?’

ஆந்திராவின் நர்சாபூர் இதற்குப் பெரிய சாட்சி. 19-ம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக அங்கு குரோஷா லேஸ் வந்தது. கோதாவரிக் கரைக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பெண்கள் பின்ன, அது வெளிநாடுகளுக்குப் போனது. ஜெர்மன் ஆய்வாளர் மரியா மீஸ் அங்கு போய் ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். சமையல், பிள்ளை, மாடு எல்லாவற்றையும் பார்த்த பிறகும் தினமும் ஆறேழு மணி நேரம் பின்னிய பெண்களை யாரும் தொழிலாளிகளாகக் கணக்கில் எடுக்கவில்லை; வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்வது என்றே எல்லோரும் சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்டது. வேலை ‘பொழுதுபோக்கு’ ஆனதும் கூலியும் அதற்கேற்ற மாதிரி ஆனது. வியாபாரமும் ஏற்றுமதியும் ஆண்கள் கையில் இருந்தன.

நர்சாபூர் லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் குறியீடு, பெயரைத்தான் காப்பாற்றும். கூலியை நிர்ணயிக்காது.

இதற்கு நேர்மாறான சாட்சி நம் நாகர்கோவிலில் இருக்கிறது. 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண் அங்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, பின்னால் இடையன்குடியில் அதைத் தொடர்ந்தார். அறிஞர் கால்டுவெல்லின் மனைவி என்றால் சட்டென்று தெரியும். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழியாத காலம் அது. லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அதே நூல், அதே விரல்கள். காசு யார் கைக்கு வந்தது என்பதில்தான் வித்தியாசம்.

சிட்லிங்கியின் அறுபது பெண்கள் சங்கமாக இருப்பது ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும். தனியாக ஒருத்தி பை தைத்து விற்றால், ‘சும்மா இருக்கிற நேரத்துல பண்றதுதானே, கொறச்சுக் குடு’ என்று கேட்பது சுலபம். விலையை எல்லோரும் சேர்ந்து ஒரு சீட்டில் எழுதிவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடம் குறைகிறது.

காரிமங்கலத்துக்கு என்ன கணக்கு?

காரிமங்கலத்தில் வாரச்சந்தை கூடும் செவ்வாய்க்கிழமையில் தேங்காய்க்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பேரம் நடக்கும். ஆட்டைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் விவசாயிகள் உண்டு. அசலுக்குக் கீழே ஒரு ரூபாய் குறைத்தாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஆனால் அதே வீடுகளில் ஆரி ஒர்க் போடும் பெண்கள் பலர், தங்கள் அசல் என்ன என்று கணக்குப் போட்டதே இல்லை.

இன்று சின்ன ஊர்களில்கூட ஆரி ஒர்க் வகுப்பு போர்டு தொங்குகிறது. கல்யாண ரவிக்கைகளுக்கு நல்ல கிராக்கி. ஜர்தோசிச் சுருளை வெட்டி, அடியில் பஞ்சு அல்லது நூல் வைத்து மேலே புடைப்பாகப் போடும் மயிலும் மாங்காயும் நம் ஊர்ப் புடைப்பு வேலைதான். அதைப் போடுபவர்கள் விலை சொல்லும் விதம் பெரும்பாலும் ஒன்றே: பக்கத்துத் தெருவில் என்ன வாங்குகிறார்களோ, அதைவிட ஐம்பது ரூபாய் குறைவு. அவரும் அப்படியே குறைப்பார். இரண்டு பேரும் சேர்ந்து பள்ளத்தில் இறங்குவார்கள்.

மாற்ற முடியாதது அல்ல. ஒரு நோட்டு போதும். ரவிக்கையைச் சட்டத்தில் மாட்டும்போது மணி பார்த்து எழுதுங்கள், எழும்போது எழுதுங்கள். ஒரு வேலை முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். 25 மணி நேரம் என்று வந்தால், நூறு நாள் வேலைக் கணக்கிலேயே கூலி 1,050 ரூபாய். நூல், மணி, ஜர்தோசி, கரன்ட் செலவு 450 என்று வைத்துக்கொண்டால் அசல் 1,500. அந்த ரவிக்கையை 1,200 ரூபாய்க்குக் கொடுத்தால், வாடிக்கையாளருக்கு 300 ரூபாய் நீங்கள் கையிலிருந்து கொடுத்தனுப்புகிறீர்கள் என்று பொருள். தெரிந்தே கொடுத்தால் அது அன்பளிப்பு. தெரியாமல் கொடுத்தால்?

மண் வெட்டும் வேலையின் கூலியையே இங்கே அளவுகோலாக எடுத்திருக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். அது அடிமட்டக் கணக்கு. ஆறு மாதம் காசு கட்டிக் கற்றுக்கொண்ட கைக்கு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலைக்கு, இதைவிடக் கூடுதலாகக் கேட்பதில் தப்பே இல்லை.

அரசு உதவியும் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்திலுள்ள 18 தொழில்களில் தையல்காரர் உண்டு; எம்பிராய்டரி, பின்னல் என்று தனியாக இல்லை. தமிழக அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தின் 25 தொழில்களில் தையலோடு, துணிகளில் கலை வேலைப்பாடு செய்வதும் இடம்பெற்றது. 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்பது அறிவிப்பு. தற்போதைய நிலவரத்தை தர்மபுரி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டை இருந்தால், அரசு நடத்தும் கண்காட்சிகளில் கடை போட விண்ணப்பிக்கலாம். சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு ‘மதி’ என்ற பெயரில் விற்பனை வாய்ப்பு உண்டு.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை

கைவேலையா, இயந்திர வேலையா என்று கண்டுபிடிக்க எளிய வழி, துணியைத் திருப்பிப் பார்ப்பது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரியின் பின்பக்கத்தில் ஒரே சீராக ஓடும் அடிநூலும், பெரும்பாலும் காகிதம் போன்ற ஒரு தாங்குதுணியும் இருக்கும். கைவேலையின் பின்பக்கத்தில் முடிச்சுகள் தெரியும். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் தாண்டிப் போயிருக்கும். இரண்டு பூக்களை ஒப்பிட்டால் ஒரு இதழ் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கண்ணாடி வேலை என்றால் சில்லின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் பசையில் ஒட்டியிருந்தால் இரண்டு துவைப்பில் உதிரும். நூலால் கவ்வியது உதிராது.

கம்பளி சாக்ஸுக்கு காரிமங்கலத்தில் கிராக்கி இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அதே இலையைப் பருத்தி நூலில் பின்னி, கைக்குழந்தையின் தொப்பியிலோ, போன் உறையிலோ, தோள்பையிலோ வைக்க வெயில் ஒன்றும் தடை சொல்லாது. குளிர் ஊர்களில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு சாக்ஸையே அனுப்பலாம். 20 மணி நேரக் கணக்கை மட்டும் மறக்காமல் உள்ளே ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

சிட்லிங்கிப் பெண்களின் வேலையை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், காரிமங்கலத்திலிருந்து தர்மபுரி, அங்கிருந்து அரூர், பிறகு கோட்டப்பட்டி வழியாகப் போக வேண்டும். முன்கூட்டியே தொடர்புகொண்டு, அவர்கள் வயல் வேலையில் இல்லாத நாளாகக் கேட்டுக்கொண்டு போவது மரியாதை. மலைப்பாதையில் பஸ் குறைவு. திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை அரூரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.